பன்றி உரிக்க வந்த புதுக் கத்தி: பிளேடை எண்ணாமல் கறியைப் பங்கு போடாதீர்கள்



ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி இருக்கும். நான் வீட்டில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு குரல். "டிரசரே, இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, சின்னதா ஒரு தையல் போட்டு விட்டீங்கன்னா போதும்."

எங்கள் தோட்டத்து அறுவடைக்கார அண்ணன் ஒருவர் நின்றார். இடது கையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு. முதல் நாள் இரவு, இளஞ்செம்பனைகளைத் தோண்டிக் குருத்தைத் தின்று நாசம் செய்த காட்டுப்பன்றிகளைச் சுட, லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர்கள் டவுனிலிருந்து வந்திருந்தார்கள். விழுந்த இரண்டில் ஒன்றை லயத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை விடியற்காலையில் உரிக்க ஆரம்பித்தவர்தான் நம் அண்ணன். முப்பது வருஷமாக உரித்தவர். பாராங்கிலும் சின்னக் கத்தியிலும் ஒரு கீறல் கூட வாங்காதவர்.

"எப்படி அண்ணே வெட்டிச்சு?" என்று கேட்டேன்.

"உரிக்கிறப்ப வெட்டல டிரசரே. பிளேடு மாத்துறப்ப வெட்டிச்சு. பையன் சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு வந்த கத்தி."

இந்தக் கட்டுரை அந்தக் கத்தியைப் பற்றியது. இப்போது நம் தோட்டங்களில் இளைஞர்கள் பலர் இதை வைத்திருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மனைவிமாரும் படிக்க வேண்டும். ஏன் என்பது பின்னால் தெரியும்.

இது என்ன கத்தி?

மடக்குக் கத்தி மாதிரி ஒரு பிடி. நுனியில் ஒரு மெல்லிய பிளேடு. மழுங்கினால் தீட்ட வேண்டியதில்லை. கழற்றி எறிந்துவிட்டு வேறு பிளேடு மாட்டலாம். ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பிளேடு, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருக்கும். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்களிடம் பரவி, அங்கிருந்து உலகெங்கும் போன சரக்கு இது. ஹாவலான் பிராண்டா, அவுட்டோர் எட்ஜ் ரேசர்லைட் என்ற பெயர்களில் வருவது பிரபலம். மலிவான நகல்களும் ஏராளம்.

எனக்கு அதைப் பார்த்தவுடனேயே பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அது வேறொன்றுமில்லை, எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கால்பெல்தான். முன்காலத்தில் டாக்டர்களின் ஆப்பரேஷன் கத்தியும் ஒரே இரும்பாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் தீட்ட வேண்டும். 1903-ல் ஜில்லெட் கம்பெனி, பிளேடு மாற்றும் சவரக் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மார்கன் பார்க்கர் என்ற அமெரிக்கர், பிடி வேறு பிளேடு வேறாக ஆப்பரேஷன் கத்தி செய்து 1915-ல் உரிமை பெற்றார். இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் 3-ம் நம்பர் பிடிக்கு 10, 11, 15-ம் நம்பர் பிளேடும், 4-ம் நம்பர் பிடிக்கு 20 முதல் 24 வரையுள்ள பெரிய பிளேடும் மாட்டுகிறோம். வேட்டைக் கத்தியில் பல இதே குடும்பம்தான். பிடி கொஞ்சம் பருமன், பிளேடு கொஞ்சம் நீளம், அவ்வளவே.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆப்பரேஷன் அறையில் வெளிச்சம் உண்டு. கையுறை உண்டு. பிளேடு மாற்ற இடுக்கி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தையல் போட்டு மூடுமுன் பிளேடு, ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணுவார்கள். கணக்குச் சரியாக வந்தால்தான் மூடுவார்கள். நாம் பன்றி உரிக்கும் இடத்தில் என்ன இருக்கிறது? ஒரு டார்ச் லைட், ஒரு பலகை, பக்கத்தில் நாலு நாய், சில சமயம் ஒரு போத்தல். கத்தி மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் ஒழுங்கு கூட வரவில்லை.

அன்று நடந்தது

அண்ணனின் துண்டை அவிழ்த்தேன். ஆள்காட்டி விரலின் உள்பக்கம், நடு மடிப்புக்கு மேலே, இரண்டு சென்டிமீட்டர் வெட்டு. பார்க்கச் சின்னதுதான். ரேகை மாதிரி நேராக, சுத்தமாக இருந்தது. நாலு தையலில் முடித்து விடலாம் போலத்தான் தெரிந்தது.

"விரல் நுனியை மட்டும் மடக்குங்கண்ணே" என்றேன். நடுக் கணு மடங்கியது. நுனிக் கணு அசையவில்லை. இன்னும் ஒரு முறை முயன்றார். முகத்தில் வேர்வை. நுனி நீட்டியபடியே நின்றது.

நாம் பேச்சு வழக்கில் 'நரம்பு' என்கிறோமே, அந்தத் தசைநாண் அறுந்து போயிருந்தது. இதை நான் வெளித்தோலைத் தைத்து அனுப்பியிருந்தால் புண் அழகாக ஆறியிருக்கும். விரல் மட்டும் செத்த விரலாகவே இருந்திருக்கும். ஆகவே தையல் போடவில்லை. கழுவி, கட்டி, கையை உயர்த்தித் தொங்கவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.

வேன் வரக் காத்திருந்தபோது, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஒரு கேள்வி கேட்டேன். "எத்தனை பிளேடு மாத்துனீங்க?"

யோசித்தார். "நாலு... நாலுதான்."

"நாலும் எங்க?"

அவருடைய மூத்த மகன் ஓடிப்போய்ப் பலகையில் கிடந்ததை ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தான். பிரித்த உறை நாலு. முழுப் பிளேடு மூன்று. நாலாவதில் அடிப்பாகம் மட்டும் இருந்தது. முன்பாதி இல்லை.

"தோள் பக்கம் வெட்டுறப்ப டக்குன்னு ஒரு சத்தம் கேட்டிச்சு. வெட்டல, சரி மழுங்கிடிச்சுன்னு நெனச்சி கழட்டுனேன்" என்றார் அண்ணன்.

மகன் மெதுவாகச் சொன்னான்: "அங்கிள், கறிய பங்கு போட்டாச்சு. பதினாலு பை. எல்லார் வீட்டுக்கும் போயிருச்சு."

தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் லயத்துச் சமையலறைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மசாலா அரைத்தாகிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கிறார்கள். அந்தப் பதினாலு பையில் ஏதோ ஒன்றில், நகக்கண் அளவு மெல்லிசான, சவரக் கத்தியை விடக் கூரான ஒரு துண்டு இரும்பு இருக்கிறது. கறியின் நிறத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. கொதித்தால் கரையாது. குழந்தை விழுங்கினால் தொண்டையோ குடலோ கிழியும்.

அண்ணனை வேனில் ஏற்றிவிட்டு, தண்டலும் நானும் கோயிலுக்கு ஓடினோம். பூசாரியிடம் சொல்லி ஒலிபெருக்கியைப் போட்டோம். "காலையில் வாங்கிய கறியை யாரும் சமைக்க வேண்டாம், சமைத்தது இருந்தாலும் வாயில் வைக்க வேண்டாம், பையோடு கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள்." பிறகு வீடு வீடாகவும் போனோம். பன்னிரண்டு பை வந்தது. ஒரு பாட்டி வீட்டில் குழம்பே கொதித்துக் கொண்டிருந்தது. சட்டியோடு தூக்கி வந்தார். இன்னொரு பை பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரருக்குப் போயிருந்தது. மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினோம்.

கிளினிக் வராந்தாவில் வெள்ளைத் தட்டு வைத்து, ஒவ்வொரு பையாகக் கொட்டி, மெல்லிசாக அறுத்துப் பார்த்தோம். ஓர் இளைஞன் பழைய ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்து அதிலிருந்த காந்தத்தைக் கொண்டு வந்தான். நல்ல யோசனை. பிளேடு செய்யும் எஃகு, துருப்பிடிக்காத வகையாக இருந்தாலும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும். ஆனால் தடித்த கறிக்குள் காந்தம் இழுக்காது. மெல்லிசாக அறுத்தால்தான் பலன்.

ஒன்பதாவது பையில் கிடைத்தது. தோள்பட்டைக் கறி, கொழுப்புக்கும் தடித்த தோலுக்கும் இடையே சொருகிக் கொண்டிருந்தது. அந்தப் பை, மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டுப் பை.

பாட்டியின் குழம்பு ஐந்தாவதாகவே வடிகட்டிப் பார்க்கப்பட்டுப் பாழாகிவிட்டது. "ஒரு சட்டிக் குழம்பையும் நாசம் பண்ணிட்டியே டிரசரு" என்று இன்றைக்கும் என்னைப் பார்த்தால் திட்டுகிறார். திட்டட்டும்.

அது ஏன் முறிகிறது?

இந்தப் பிளேடு மிக மெல்லியது. மெதுவான சதையை நேர்க்கோட்டில் அறுக்கவே அது பிறந்தது. கடினமாக இருப்பதால்தான் கூர் நிற்கிறது. அதே கடினத்தால்தான் வளைக்காமல் முறிகிறது. நம் பால்வெட்டு உளியும் பாராங்கும் பக்கவாட்டில் அழுத்தினால் தாங்கும். இது தாங்காது. முறுக்கினால், நெம்பினால், எலும்பில் மோதினால் டக்கென்று ஒடியும்.

காட்டுப்பன்றியோ மான் மாதிரி மெல்லிய தோல்காரன் அல்ல. முதிர்ந்த ஆண்பன்றிக்குத் தோளிலும் விலாவிலும் தோலுக்கடியில் பலகை மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். மற்ற ஆண்பன்றிகளின் கொம்புப்பல்லிலிருந்து காத்துக்கொள்ள இயற்கை கொடுத்த கேடயம் அது. மயிரிலோ சேறும் மணலும் அப்பியிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து எந்தக் கூரையும் சீக்கிரம் தின்றுவிடும். அண்ணனின் பிளேடு ஒடிந்தது அந்தக் கேடயத்தில்தான்.

அப்படியானால் இந்தக் கத்தி கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. மொட்டைக் கத்திதான் அதிகம் வெட்டும் என்பது பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும். மழுங்கிய கத்தியை அழுத்துகிறோம், அழுத்தினால் வழுக்குகிறது. கூரான கத்திக்கு அழுத்தம் வேண்டாம். அளவறிந்து பயன்படுத்தினால் இது நல்ல கருவி. எங்கே உதவும், எங்கே உதவாது என்று பிரித்துச் சொல்கிறேன்.

உதவும் இடங்கள்: தோலில் முதல் கீறல் போடுவது, தோலுக்கும் சதைக்கும் நடுவிலுள்ள வெள்ளைச் சவ்வைப் பிரிப்பது, கொழுப்பைச் சீவுவது, காலைச் சுற்றித் தோலைக் கழற்றுவது.

உதவாத இடங்கள்: மூட்டைக் கழற்றுவது, விலா எலும்பைப் பிளப்பது, இடுப்பெலும்பைத் திறப்பது, கழுத்தை வெட்டுவது, தோள் கேடயம். இவற்றுக்கு உங்கள் பழைய தடித்த கத்தியும் பாராங்குமே சரி. இரண்டு கத்தியும் பக்கத்தில் இருக்கட்டும்.

உரிப்பவர்களுக்கு ஒன்பது விதிகள்

1. வெளிச்சம் இல்லாமல் தொடாதீர்கள். விடியட்டும். இரவிலேயே உரித்தாக வேண்டுமானால் தலையில் கட்டும் விளக்கு வேண்டும். ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பிளேடும் ஆகாது.

2. குடித்துவிட்டுத் தொடாதீர்கள். வேலை முடியட்டும்.

3. முதலில் பன்றியைக் கழுவுங்கள். சேறு போனால் பிளேடு நாலுக்குப் பதில் இரண்டு போதும். பிளேடு மாற்றுவது குறைந்தால் விபத்தும் குறையும்.

4. தோலில் சின்ன ஓட்டை போட்டபின், கூர்ப்பக்கம் மேலே பார்க்க, உள்ளிருந்து வெளியே அறுங்கள். மயிரின் மேல் அறுக்காதீர்கள். கூரும் நிற்கும், கறியில் மயிரும் மண்ணும் விழாது.

5. தொங்கவிட்டு உரியுங்கள். குந்தி உட்கார்ந்து தொடைகளுக்கு நடுவே வைத்து உரிக்காதீர்கள். கத்தி வழுக்கினால் தொடையின் உள்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் பாயும். அது அறுந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போகலாம்.

6. ஒரு பன்றிக்கு ஒரு கத்தி. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எதிரெதிரே நின்று உரித்தால், ஒருவர் கத்தி மற்றவர் கையில் முடியும்.

7. கத்தி பிடிக்காத கைக்கு, வெட்டுத் தாங்கும் நூல் கையுறை போட்டு, அதற்கு மேல் ரப்பர் கையுறை போடுங்கள். மீன் வெட்டுகிறவர்கள் போடுவதுதான். ஆனால் குத்தினால் அதுவும் தாங்காது என்பதை மறக்காதீர்கள்.

8. பிளேடை விரலால் கழற்றாதீர்கள். கொழுப்பும் ரத்தமும் பட்ட பிளேடு சோப்பு மாதிரி வழுக்கும். கையையும் பிடியையும் முதலில் துடையுங்கள். கூர்ப்பக்கம் உங்களைப் பார்க்காமல் திருப்புங்கள். பிளேடின் அடிப்பாகத்தைக் குறடால் பிடித்து, சற்றுத் தூக்கி, உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். மாட்டும்போதும் குறடுதான். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், அவசரத்தில் விரலால் இழுத்துக் கட்டைவிரலைக் கிழித்துக் கொண்டவன். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

9. எண்ணுங்கள். பிரித்த உறைகளை எறியாமல் ஒரு பக்கம் வையுங்கள். வேலை முடிந்ததும் உறை எத்தனை, பிளேடு எத்தனை என்று பாருங்கள். ஒவ்வொரு பிளேடும் நுனி வரை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு இடித்தால் பங்கு போடாதீர்கள். தேடியும் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பகுதிக் கறியை ஆழக் குழிவெட்டிப் புதைத்து விடுங்கள். சந்தேகமாக இருந்தால் மொத்தத்தையும் புதையுங்கள். மனம் கேட்காதுதான். ஆனால் கறி இன்னொரு நாள் கிடைக்கும்.

பழைய பிளேடைக் குப்பையில் எறியாதீர்கள். செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகளும், குப்பை அள்ளும் தொழிலாளியும் நம்மவர்களே. ஒரு பழைய மைலோ டின்னின் மூடியில் கோடு மாதிரி ஒரு துளை போட்டு, மூடியை டேப் போட்டு ஒட்டி, அதற்குள் போடுங்கள். நிறைந்ததும் உங்கள் தோட்டத்து டிரசரிடம் கொடுங்கள். ஊசிகளை அகற்றும் வழியில் அவரால் அகற்ற முடியும்.

வெட்டு விழுந்தால்

சுத்தத் துணியை வைத்து, வெட்டின் மேலேயே அழுத்துங்கள். கடிகாரம் பார்த்துப் பத்து முதல் பதினைந்து நிமிஷம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. ரத்தம் நின்றதும் ஓடும் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள்.

காப்பித்தூள் அப்பாதீர்கள். புகையிலை வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இவை புண்ணை ஆற்றுவதில்லை. அழுக்கை உள்ளே சேர்க்கும், டாக்டர் பார்க்க வேண்டியதை மறைக்கும். பிளேடு சதைக்குள் ஒடிந்திருந்தால் தோண்டி எடுக்க முயலாதீர்கள். அப்படியே கட்டிக்கொண்டு வாருங்கள்; எக்ஸ்ரேயில் தெரியும்.

பிறகு மூன்று சோதனை. ஒன்று, ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக மடங்குகிறதா, நீளுகிறதா? இரண்டு, விரலின் இரு பக்கமும் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா, மரத்துப் போயிருக்கிறதா? மூன்று, விரல் நுனி வெளுத்துக் குளிர்ந்திருக்கிறதா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. அறுந்த தசைநாண் நாளாக ஆக உள்ளே சுருங்கி இழுத்துக்கொள்ளும். சில நாட்களுக்குள் தைத்தால் நல்ல வாய்ப்பு உண்டு. வாரக்கணக்கில் தள்ளினால் கஷ்டம்.

ரண ஜன்னி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். அழுக்கான வெட்டுக்கு, ஐந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தால் மறுபடி போட வேண்டும். தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள்

வெட்டு ஆறிவிட்டது, முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பன்றியின் ரத்தமும் மூத்திரமும் நம் புண் வழியே உள்ளே போயிருக்கலாம்.

எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ், எலியால் மட்டும் வருவதல்ல. பன்றி மூத்திரத்தாலும் வரும். ஆகவே குடல் எடுக்கும்போது மூத்திரப்பை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2010-ல் பகாங் மாநிலத்து லூபோக் யூ ஆற்றுப் பகுதியில் உயிர்கள் பலியானது நினைவிருக்கும்; அந்த ஆண்டு முதல் இந்நோயை டாக்டர்கள் அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். ஒன்று இரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் சந்தேகப்படுங்கள்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி பன்றியின் தொண்டையிலும் மூக்கிலும் வாழ்வது. கையிலுள்ள கீறல் வழியே புகுந்து மூளைக்காய்ச்சல் உண்டாக்கும். பிழைத்தவர்களில் பலருக்குக் காது செவிடாகியிருக்கிறது. 2005-ல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில், செத்த பன்றியை அறுத்தவர்கள் 200 பேருக்கு மேல் இந்நோயில் விழுந்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் வந்து, காதில் இரைச்சலும் கேட்டால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காதீர்கள்.

நிப்பாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1998-99-ல் நம் நாட்டில் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொண்டுபோன நோய். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான் அதற்கு. அது வளர்ப்புப் பன்றிகள் மூலம் வந்தது. நோய்ப்பட்ட பன்றியைக் கையாளாதே என்பதே அது சொன்ன பாடம். ஆகவே செத்துக் கிடக்கும் பன்றியையும், தள்ளாடிய பன்றியையும் தொடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-ல் சபாவிலும், பிறகு தீபகற்பத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. அது மனிதனைத் தாக்காது. ஆனால் நம் பூட்ஸிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு இன்னொரு பண்ணைக்குப் போகும். செத்த பன்றியைக் கண்டால் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போனால், "பத்து நாளைக்கு முன்னால் பன்றி உரித்தேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கத்தாலோ பயத்தாலோ மறைத்தால் அவர் டெங்கி என்று நினைத்து அங்கே தேடிக் கொண்டிருப்பார்.

அடுப்படியில்

பெண்களுக்கு ஒரு வார்த்தை. காட்டுப்பன்றிக் கறியில் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் இருக்கலாம். உப்புக்கண்டம் போட்டாலும், புகையில் வாட்டினாலும் அவை சாகும் என்று நம்ப முடியாது. உள்பாகம் 71 பாகை சூடாக வேண்டும். சின்னத் துண்டாக வெட்டி, ஒரு மணி நேரம் கொதிக்க விடும் நம் குழம்பு பாதுகாப்பானதே. ஆபத்து எதில் என்றால், ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து நெருப்பில் பாதி வாட்டி, உள்ளே சிவப்பாகவே தின்கிறார்களே, அதில்தான். குடலைப் பச்சையாக நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். உரிக்கும் வேலையைப் பொதுக் குழாயடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதே குழாயில் குளிப்பவர்களில் நம் இஸ்லாமியத் தோழர்களும் உண்டு.

சட்டத்தையும் நினையுங்கள்

2010-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் பொருந்தும். லைசென்ஸ் பெர்ஹிலித்தானில் எடுக்க வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் அனுமதி தனி. கம்பிக் கண்ணி வைப்பது குற்றம். பன்றிக்கு வைத்த கண்ணியில் புலியும் மாட்டும், மனிதன் காலும் மாட்டும். அழுங்கு போன்றவை முழுப் பாதுகாப்பில் உள்ளவை, கிட்டே போகாதீர்கள். இந்தக் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு டவுனுக்குப் போகாதீர்கள். ஆயுதம் பற்றிய 1958-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. "பன்னி உரிச்சேன் சார்" என்ற பதில் ரோட்டில் எடுபடாது.

விரலின் விலை

கடைசியாக நம் அண்ணனுக்கு வருவோம். மறுநாள் ஆப்பரேஷன் செய்து தசைநாணை இணைத்தார்கள். ஆறு வாரம் கட்டு. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. செம்பனைக் குலைக்கு டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் அவர். நீண்ட கழியைத் தூக்கி நிறுத்தி வெட்ட இரண்டு கையின் பிடியும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலையில் பட்ட காயம், வேலை விபத்துக் கணக்கில் சேராது. மூன்று மாதம் வீடு எப்படி ஓடியது என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும். இப்போது மறுபடி அறுவடைக்குப் போகிறார். விரல் நுனி முக்கால்வாசி மடங்குகிறது. மழை நாளில் வலிக்கிறது என்கிறார்.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க டிரசரே. பேர மட்டும் போட்டுடாதீங்க. பாட்டிகிட்ட இன்னும் ஒரு சட்டிக் குழம்பு கடன் இருக்கு" என்றார்.

கத்தியை அவர் எறிந்துவிடவில்லை. அதே பெட்டியில், பிளேடுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறடும், ஒரு துண்டுப் பென்சிலும் வைத்திருக்கிறார். பிளேடைப் பிரிக்கும்போது ஒரு கோடு போடுகிறார். திரும்ப டின்னில் போடும்போது அந்தக் கோட்டை அடிக்கிறார். எல்லாக் கோடும் அடிபட்ட பிறகுதான் பங்கு.

நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உங்கள் தோட்டத்து டிரசர்